மூலதனச் சந்தையில் பிளாக்செயின்: பயன்பாடு, சட்டம், சிக்கல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்கு, கடன் பத்திரம், ஃபண்ட் யூனிட் போன்றவற்றை பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் பகிர்ந்து வைக்கும் மின்னணுப் பேரேட்டுச் சங்கிலியில், வெளியிடுவது, கைமாற்றுவது, பாதுகாப்பது பற்றி எங்களிடம் அதிகம் வரும் கேள்விகள் இவை. பிட்காயின் விலை ஏறுமா இறங்குமா என்பது இங்கே பேச்சில்லை. வெளியீட்டாளர், தரகர், கஸ்டோடியன் (பிறர் சொத்தைப் பாதுகாத்து வைப்பவர்), இணக்க அதிகாரி, முதலீட்டாளர் என யார் படித்தாலும் ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்: இரண்டு பேரேடுகள் முரண்பட்டால், சட்டம் எதை நம்பும்?

இப்போதுள்ள முறையில் என்ன குறை? பிளாக்செயின் எதற்கு?

ஒரு பங்கு கைமாறும்போது தரகர், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கிடும் க்ளியரிங் நிறுவனம், பத்திரங்களை மின்னணு வடிவில் வைக்கும் டெபாசிட்டரி, கஸ்டோடியன், பங்குப் பதிவாளர் எல்லோரும் தத்தம் கணக்கில் தனித்தனியாகப் பதிகிறார்கள். பிறகு ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறார்கள். பின் அலுவலகச் செலவில் பெரும்பங்கு இந்த ஒத்துப் பார்க்கும் வேலைக்கும், ஒத்து வராதவற்றைத் துரத்திப் பிடிப்பதற்குமே போகிறது. எல்லோரும் ஒரே பேரேட்டைப் பார்த்தால் இந்த வேலை குறையும். வாக்குறுதி அவ்வளவுதான்.

அது எல்லா இடத்திலும் ஒரே அளவுக்குப் பலிக்காது. பட்டியலிடப்பட்ட பங்குகள் ஏற்கெனவே டெபாசிட்டரியில் மின்னணு வடிவில் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் லாபம் சிறிது. மின்னஞ்சலிலும் எக்செல் தாளிலும் நடக்கும் சந்தைகளில்தான் பலன் பெரிது. பட்டியலிடப்படாத நிறுவனப் பங்குகள், வங்கிகளுக்கிடையிலான ரெப்போ (பத்திரத்தை ஈடு வைத்து வாங்கும் குறுகிய காலக் கடன்), பிணையப் பத்திரங்களை இடம் மாற்றுவது, பணச் சந்தை ஃபண்ட் யூனிட் ஆகியவை அப்படிப்பட்டவை. ஜே.பி. மோர்கன் 2020இல் தொடங்கிய ஒரே நாளுக்குள் முடியும் ரெப்போ இதற்கு நல்ல சான்று. காலையில் கடன் வாங்கி மதியம் திருப்பித் தர, அமெரிக்க அரசுப் பத்திரம் சில மணி நேரத்துக்கு மட்டும் பிணையாகக் கைமாறுகிறது. பழைய முறையில் ஓர் இரவுக்குக் குறைந்து இதைச் செய்வது கடினம்.

டோக்கன் வடிவப் பங்கு என்றால் அது உண்மையான பங்குதானா?

பிளாக்செயினில் ஒரு சொத்தையோ உரிமையையோ குறிக்கும் மின்னணுப் பதிவே டோக்கன். அது பங்குதானா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று வகை உண்டு.

முதல் வகையில் பத்திரம் பிளாக்செயினிலேயே பிறக்கிறது. அந்தப் பதிவுதான் உரிமை. வேறு எங்கும் மூலப்பிரதி கிடையாது. இரண்டாம் வகையில் உண்மையான பத்திரம் ஒரு கஸ்டோடியனிடம் பூட்டி வைக்கப்பட்டு, அதற்கு ஈடாக டோக்கன் தரப்படுகிறது. டோக்கன் ஒரு ரசீது மட்டுமே. கஸ்டோடியன் திவாலானால் ரசீதின் மதிப்பு அந்த நாட்டுத் திவால் சட்டத்தைப் பொறுத்தது. மூன்றாம் வகையில் பங்கே கிடையாது. பங்கின் விலை ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பப் பணம் தருகிறேன் என்று வெளியிட்டவர் கொடுக்கும் வாக்கு மட்டும் இருக்கிறது. சட்டப்படி அது டெரிவேட்டிவ், அதாவது வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தம். வாக்குரிமை இல்லை, பங்குதாரர் என்ற தகுதியும் இல்லை.

2021 ஏப்ரலில் பைனான்ஸ் என்ற கிரிப்டோ வணிகத் தளம் பிரபல நிறுவனப் பங்குகளின் டோக்கன்களை விற்கத் தொடங்கியது. முதலீட்டாளருக்குத் தர வேண்டிய தகவலறிக்கை (ப்ராஸ்பெக்டஸ்) இல்லாமல் விற்கப்படுவதாக ஜெர்மன் கண்காணிப்பு ஆணையமான பாஃபின் எச்சரித்தது. ஜூலையில் விற்பனை நின்றது. 2025இல் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு ஓப்பன்ஏஐ பெயரில் டோக்கன் வழங்கப்பட்டபோது, 'இது எங்கள் நிறுவனப் பங்கு அல்ல' என்று அந்த நிறுவனமே அறிவித்தது. விளம்பரத்தில் 'பங்கு' என்ற சொல் இருந்தாலும், வெளியீட்டு ஆவணத்தில் 'உரிமைகள்' என்ற பகுதியைப் படிக்காமல் பணம் போடாதீர்கள்.

சட்டம் பிளாக்செயின் பதிவை உரிமைப் பதிவாக ஏற்கிறதா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் 2017இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, பங்குதாரர் பதிவேட்டைப் பகிர்ந்த பேரேட்டில் வைத்துக்கொள்ள அனுமதித்தது. சுவிட்சர்லாந்தில் 2021 பிப்ரவரி முதல், பேரேட்டில் மட்டுமே இருந்து பேரேட்டின் மூலம் மட்டுமே கைமாறும் பத்திரத்துக்குத் தனிச் சட்ட வடிவம் இருக்கிறது. ஜெர்மனி 2021 ஜூனில் மின்னணுப் பத்திரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே அச்சிட்ட பத்திரமே தேவையில்லை. ஆனால் பதிவேட்டை நடத்துபவர் பாஃபின் உரிமம் பெற வேண்டும்.

இந்தியாவில் பிளாக்செயினின் இடம் வேறு. கடன் பத்திரங்களுக்கான பிணையையும் ஒப்பந்த நிபந்தனைகளையும் கண்காணிக்கப் பகிர்ந்த பேரேட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமான செபி 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. டெபாசிட்டரிகள் அதை நடத்துகின்றன. ஒரே சொத்தைப் பலருக்குப் பிணையாகக் காட்டுவதைத் தடுக்க அது உதவும். பத்திரத்தின் உரிமை மட்டும் வழக்கம்போல் டீமேட் கணக்கில்தான் இருக்கிறது. கண்காணிப்புப் பேரேடு வேறு, உரிமைப் பேரேடு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 'அங்கே பங்கு எல்லாம் பிளாக்செயினுக்கு மாறிவிட்டதாமே' போன்ற தவறான செய்திகள் பரவுகின்றன.

எது பொருந்தும்: கிரிப்டோ சட்டமா, பத்திரச் சட்டமா?

தொழில்நுட்பம் எதுவானாலும் பொருள் பத்திரம் என்றால் பத்திரச் சட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரிப்டோ சொத்துகளுக்கான மைகா சட்டம் 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. ஸ்டேபிள்காயின் (டாலர், யூரோ போன்றவற்றோடு மதிப்பு கட்டப்பட்ட கிரிப்டோ) பகுதி அதே ஆண்டு ஜூன் 30இலேயே வந்துவிட்டது. ஆனால் நிதிக் கருவி என்ற வரையறைக்குள் வரும் டோக்கனை மைகா தொடவே தொடாது. அதற்கு நிதிச் சந்தைகளுக்கான மிஃபிட் சட்டமும் தகவலறிக்கை விதிகளும் சந்தை முறைகேட்டு விதிகளும் பொருந்தும்.

அமெரிக்காவில் 1946இல் உச்ச நீதிமன்றம் ஹோவி வழக்கில் வகுத்த சோதனை இன்றும் ஓடுகிறது. பணம் போட்டு, பொது முயற்சி ஒன்றில், பிறர் உழைப்பால் லாபம் வரும் என்று எதிர்பார்த்தால் அது முதலீட்டு ஒப்பந்தம். 2017இல் டிஏஓ என்ற பிளாக்செயின் முதலீட்டு நிதியின் டோக்கன்கள் பற்றிய அறிக்கையில் பத்திரச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி. இதே அளவுகோலைத்தான் பயன்படுத்தியது. ஆனால் டோக்கன் வடிவில் வரும் சாதாரணப் பங்குக்கோ கடன் பத்திரத்துக்கோ ஹோவி சோதனையே தேவையில்லை. அவை சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கின்றன. 'நாங்கள் டோக்கன் என்று அழைக்கிறோம், ஆகவே பத்திரம் இல்லை' என்ற வாதம் எந்தப் பெரிய சந்தையிலும் எடுபடாது.

ஐரோப்பாவின் டிஎல்டி (பகிர்ந்த பேரேட்டுத் தொழில்நுட்பம்) பரிசோதனைச் சட்டம் என்ன சொல்கிறது?

அங்குள்ள முட்டுக்கட்டை இது: சந்தையில் வணிகமாகும் பத்திரம் ஒரு மத்திய டெபாசிட்டரியில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் பிளாக்செயின் பேரேடு எப்போதும் இரண்டாம் பிரதியாகவே இருக்கும். இதைத் தளர்த்த, 2023 மார்ச் 23 முதல் நடைமுறைக்கு வந்த பரிசோதனைச் சட்டம் மூன்று வகை உரிமம் தருகிறது: வணிகத் தளம், செட்டில்மென்ட் (பணமும் பத்திரமும் கைமாறி வணிகம் முடிவது) அமைப்பு, இரண்டையும் ஒன்றாக நடத்தும் அமைப்பு. மூன்றாவதுதான் உண்மையான புதுமை. சந்தையையும் டெபாசிட்டரியையும் ஒரே நிறுவனம் நடத்தப் பழைய சட்டத்தில் இப்படி ஒரு வழி இருக்கவில்லை.

வரம்புகள் இறுக்கமானவை. பங்கு என்றால் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 50 கோடி யூரோவுக்குக் கீழ். கடன் பத்திரம் என்றால் வெளியீட்டு அளவு 100 கோடி யூரோவுக்குக் கீழ். ஃபண்ட் யூனிட் என்றால் நிர்வகிக்கும் சொத்து 50 கோடி யூரோவுக்குக் கீழ். ஒரு தளத்தில் உள்ள எல்லாம் சேர்ந்து 600 கோடி யூரோவைத் தாண்டும்படி புதிய பத்திரத்தைச் சேர்க்க முடியாது. 900 கோடியைத் தொட்டால் வழக்கமான முறைக்கு மாறும் திட்டத்தைச் செயல்படுத்த வேண்டும். உரிமம் பெற்றவர்கள் சிலரே என்பதற்கு இந்த வரம்புகள் ஒரு முக்கியக் காரணம். வெற்றி பெற்றால் வெளியேற வேண்டும் என்ற விதியோடு யாரும் பெரிய முதலீடு செய்யத் தயங்குவார்கள்.

நொடியில் செட்டில்மென்ட் முடிந்தால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. பணமும் பத்திரமும் ஒரே பரிவர்த்தனையில் கைமாறினால் எதிர்த்தரப்பு ஏமாற்றும் அபாயம் போய்விடும், உண்மை. ஆனால் நெட்டிங்கும், அதாவது வாங்கியதையும் விற்றதையும் கழித்து மீதியை மட்டும் தீர்ப்பதும், சேர்ந்து போய்விடும்.

ஒரு தரகர் ஒரு நாளில் 100 கோடிக்கு வாங்கி 98 கோடிக்கு விற்கிறார் என்று கொள்ளுங்கள். நாள் முடிவில் கழித்துப் பார்த்தால் அவர் 2 கோடி கட்டினால் போதும். ஒவ்வொரு வணிகமும் அந்தக் கணமே முடிய வேண்டுமென்றால், முதல் வாங்குதலுக்கு முழுப் பணமும் முதல் விற்பனைக்கு முழுப் பங்கும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அமெரிக்கப் பங்குச் சந்தையில் க்ளியரிங் நிறுவனத்தின் நெட்டிங் மட்டும் கைமாற வேண்டிய மதிப்பைச் சுமார் 98 சதவீதம் குறைக்கிறது. அதை இழந்தால் எப்போதும் வாங்கவும் விற்கவும் தயாராக நிற்கும் சந்தை உருவாக்குபவர்களின் மூலதனத் தேவை பல மடங்காகும். அந்தச் செலவு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்குமான இடைவெளியில் முதலீட்டாளர் தலையில்தான் விழும்.

இன்னொன்று: வேகமான செட்டில்மென்ட்டுக்கு பிளாக்செயின் கட்டாயமில்லை. இந்தியா 2023 ஜனவரியில் டி+1 (வணிகத்துக்கு அடுத்த வேலை நாளில் செட்டில்மென்ட்) முறைக்கு முழுமையாக மாறியது, அமெரிக்கா 2024 மே 28இல் மாறியது. இரண்டும் வழக்கமான கணினி அமைப்பில்தான். ஆகவே 'வேகம்' என்று மட்டும் சொல்லித் திட்டம் விற்க வருபவரிடம், நெட்டிங்குக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். நாள் முழுவதும் வணிகத்தைச் சேர்த்து, குறிப்பிட்ட நேரங்களில் கழித்துத் தீர்க்கும் வடிவமைப்பை அவர் காட்ட வேண்டும்.

பரிவர்த்தனை எப்போது இறுதியானது?

தொழில்நுட்ப இறுதி ஒன்று, சட்ட இறுதி ஒன்று. 2012இல் வந்த சர்வதேசச் சந்தைக் கட்டமைப்புக் கொள்கைகளில் எட்டாவது, இறுதி செட்டில்மென்ட் தெளிவாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பிட்காயின் வகைச் சங்கிலியில் இறுதி என்பது நிகழ்தகவுதான். மேலே பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு) சேரச்சேர மாற்றப்படும் வாய்ப்பு குறையும், பூஜ்யமாகாது. எத்தீரியம் என்ற பொதுச் சங்கிலியில் 12 விநாடி இடைவெளிகள் 32 சேர்ந்து ஒரு சுற்று. வழக்கமாக இரண்டு சுற்றுகள், அதாவது ஏறத்தாழ 13 நிமிடம் கழித்து இறுதியாகும். ஆனால் 2023 மே 11, 12 தேதிகளில் பிளாக்குகள் வந்துகொண்டிருக்க, இறுதியாவது மட்டும் நின்றுபோனது. இரண்டாம் நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

ஆகவே தளத்தின் விதிநூலில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த நிலையில் பரிவர்த்தனை சட்டப்படி இறுதி, அந்த நிலை வராமல் நின்றால் வணிகம் எப்போது நிறுத்தப்படும், சங்கிலி இரண்டாகப் பிரிந்தால் எந்தக் கிளை செல்லுபடியாகும். மூன்றாவது வெறும் கற்பனை இல்லை. 2016இல் டிஏஓ திருட்டுக்குப் பின் எத்தீரியம் இரண்டாகப் பிரிந்து இரண்டு சங்கிலிகளும் தொடர்ந்தன. அன்று அதில் ஒரு கடன் பத்திரம் இருந்திருந்தால் அதற்கு இரண்டு பிரதிகள் உண்டாகியிருக்கும். வட்டி கட்ட வேண்டியது ஒன்றுக்கு மட்டும்.

பத்திரம் சங்கிலியில் இருக்கிறது. பணம்?

பெரும்பாலான திட்டங்கள் திணறுவது இங்கேதான். சீமென்ஸ் நிறுவனத்தின் இரண்டு வெளியீடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் 6 கோடி யூரோ கடன் பத்திரத்தைப் பாலிகான் என்ற பொதுச் சங்கிலியில் வெளியிட்டது. பணமோ வழக்கமான வங்கி வழியில் வந்தது. எல்லாம் முடிய இரண்டு நாள். 2024 செப்டம்பரில் 30 கோடி யூரோவுக்கு வெளியிட்டபோது, சங்கிலியில் நடப்பதை மத்திய வங்கியின் பணப் பரிமாற்ற அமைப்போடு இணைக்கும் ஜெர்மன் மத்திய வங்கியின் ஏற்பாடு பயன்பட்டது. சில நிமிடங்களில் முடிந்தது. வேறுபாட்டைக் கொடுத்தது பணம் வந்த வழி.

சுவிட்சர்லாந்தில் 2023 டிசம்பர் முதல் மத்திய வங்கி டோக்கன் வடிவ ஃபிராங்கையே எஸ்டிஎக்ஸ் என்ற டிஜிட்டல் பத்திரத் தளத்தில் தருகிறது. மத்திய வங்கிப் பணம் கிடைக்காத இடத்தில் ஸ்டேபிள்காயின் பயன்படுகிறது. அதன் அபாயத்தை 2023 மார்ச் காட்டியது: யுஎஸ்டிசி என்ற டாலர் ஸ்டேபிள்காயினின் இருப்பில் 330 கோடி டாலர், மூழ்கிய சிலிக்கான் வேலி வங்கியில் சிக்கியது தெரிந்ததும் அதன் விலை 90 சென்ட்டுக்குக் கீழே போனது. சில நாளில் மீண்டது. அந்த வார இறுதியில் அதைக்கொண்டு செட்டில்மென்ட் செய்தவர் ஒரு டாலர் மதிப்புள்ள பத்திரத்தைக் கொடுத்து அதைவிடக் குறைந்த மதிப்பை வாங்கியிருப்பார்.

டோக்கன் கடன் பத்திரம் வெளியிடும் படிகள் என்ன? எங்கே தவறு நேர்கிறது?

முதலில் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் என்று முடிவாக வேண்டும். அதற்குப் பின்தான் சங்கிலி. பல குழுக்கள் சங்கிலியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு வழக்கறிஞரைத் தேடுகின்றன, ஆறு மாதம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகின்றன. அடுத்து பதிவேடு நடத்துபவரை நியமிப்பது, நிபந்தனை ஆவணம் எழுதுவது. அதில் 'நிரல் குறியீடும் ஆவணமும் முரண்பட்டால் ஆவணமே செல்லும்' என்பது போன்ற வரி அவசியம். பின்பு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (சங்கிலியில் தானே இயங்கும் நிரல்) எழுதி, வெளியார் தணிக்கை செய்து, பரிசோதனைச் சங்கிலியில் ஒரு முழு வட்டிச் சுழற்சியை ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலீட்டாளர் அடையாளச் சரிபார்ப்பு முடிந்த வாலட்களை (டோக்கன் வைக்கும் மின்னணுக் கணக்குகளை) அனுமதிப் பட்டியலில் சேர்த்து, பணம் வந்ததும் டோக்கனை உருவாக்கி ஒப்படைப்பது கடைசி.

தவறுகள் பெரும்பாலும் சிறிய இடத்தில் ஒளிந்திருக்கும். எத்தீரிய டோக்கனில் வழக்கமான தசம இடங்கள் 18. யுஎஸ்டிசி காயினில் 6. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் தொகை லட்சம் கோடி மடங்கு பிழையாகும். கடன் பத்திரத்துக்குத் தசமமே வேண்டாம், 0 என்று வைப்பது நல்லது. முகமதிப்பு 1,000 என்றால் அரைப் பத்திரம் யாரிடமும் இருக்கக் கூடாது.

வட்டிக் கணக்கைப் பாருங்கள். முகமதிப்பு 1,000, ஆண்டு வட்டி 4.25 சதவீதம், 181 நாள், ஆண்டுக்கு 365 நாள் அடிப்படை. ஒரு பத்திரத்துக்கு 21.075342. ஸ்மார்ட் கான்ட்ராக்ட் மொழியான சாலிடிட்டியில் முழு எண் வகுத்தல்தான், மீதி வெட்டப்படும். 181ஐ 365ஆல் முதலில் வகுத்தால் விடை 0, எல்லோருக்கும் வட்டி பூஜ்யம். எல்லாவற்றையும் பெருக்கிவிட்டு வகுத்தலைக் கடைசியில் வைக்க வேண்டும். வெட்டுப்படும் சில்லறை யாருக்கு என்பதையும் ஆவணத்தில் எழுத வேண்டும்.

பதிவுத் தேதியும், அதாவது வட்டி யாருக்கு என்று தீர்மானிக்கும் நாளும், இப்படித்தான். வங்கிக்கு நாள் முடிவது உள்ளூர் நேரத்தில். பிளாக்கின் நேரமுத்திரைக்கு ஊர் கிடையாது. நள்ளிரவையொட்டி நடந்த விற்பனையில் வட்டி வாங்கியவருக்கா விற்றவருக்கா என்ற தகராறு வரும். மற்றொரு பொறி: பதிவுத் தேதியன்று டோக்கன் ஒரு எஸ்க்ரோ கான்ட்ராக்டில் (நிபந்தனை நிறைவேறும் வரை சொத்தை நடுவில் வைத்திருப்பது) பூட்டியிருந்தால் வட்டி அந்த முகவரிக்கே போகும். அந்தக் கான்ட்ராக்டுக்கு வட்டியை வெளியே அனுப்பும் வழி எழுதப்படாவிட்டால் பணம் அங்கேயே கிடக்கும்.

பொதுச் சங்கிலியா, அனுமதிச் சங்கிலியா?

பொதுச் சங்கிலியில் யாரும் சேரலாம், அனுமதிச் சங்கிலியில் அனுமதி பெற்றவர் மட்டும். ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2021 ஏப்ரலில் 10 கோடி யூரோ பத்திரத்தைப் பொது எத்தீரியத்தில் வெளியிட்டது. உலக வங்கி 2018இல் 11 கோடி ஆஸ்திரேலிய டாலர் பத்திரத்தை மூடிய எத்தீரியத்தில். இரண்டும் ஓடும். பொதுச் சங்கிலியில் வாங்குபவர் பரப்பு விரியும். ஆனால் பெரிய ஃபண்ட் ஒன்றின் வாலட் முகவரி தெரிந்துவிட்டால் அதன் ஒவ்வொரு நகர்வும் போட்டியாளருக்குத் தெரியும், காத்திருக்கும் ஆர்டரைப் பார்த்து முந்திக்கொள்ளவும் முடியும். அனுமதிச் சங்கிலியில் ரகசியம் காக்கலாம், பொறுப்பாளி யார் என்று கண்காணிப்பாளருக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு சங்கிலி வைத்தால் பழைய சிதறல் புது வடிவில் திரும்பும். எங்கள் பார்வையில் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பத்திரத்துக்குத் தகுந்தது, பொதுச் சங்கிலியில் அனுமதி உள்ள டோக்கன் அல்லது பல நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் அனுமதிச் சங்கிலி.

ரகசியச் சாவி தொலைந்தால் பங்கும் போச்சா?

ரகசியச் சாவி என்பது வாலட்டைத் திறக்கும் கடவுச்சொல் போன்றது. கிரிப்டோவில் அது தொலைந்தால் போச்சு. ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பத்திரத்தில் அப்படி இருக்கக் கூடாது. ஈஆர்சி-3643 போன்ற டோக்கன் தரநிலைகளில் முகவரியை முடக்குவது, கட்டாய மாற்றம், மீட்பு ஆகியவை உள்ளேயே இருக்கின்றன. முதலீட்டாளர் தெரிவித்ததும் பதிவாளர் பழைய முகவரியை முடக்கி, அடையாளத்தை மீண்டும் சரிபார்த்து, இருப்பைப் புதிய வாலட்டுக்கு மாற்றுகிறார். நீதிமன்ற உத்தரவும் வாரிசு உரிமையும் இதே வழியில்தான் நிறைவேறும்.

இந்த அதிகாரம் உள்ள நிர்வாகச் சாவிதான் முழு அமைப்பின் பலவீனமான இடம். ஐந்தில் மூவர் கையெழுத்து, வன்பொருள் பாதுகாப்புப் பெட்டி, மாற்றங்களுக்குக் காத்திருப்பு நேரம் ஆகிய மூன்றும் குறைந்தபட்சம். அவையும் போதாது என்பதை 2025 பிப்ரவரியில் பைபிட் கிரிப்டோ தளத்தில் நடந்த சுமார் 150 கோடி டாலர் திருட்டு காட்டியது. கையெழுத்திட்டவர்களின் திரை வழக்கமான பரிமாற்றத்தைக் காட்டியது; அடியில் இருந்த தரவோ வாலட்டின் தர்க்கத்தையே மாற்றியது. கையெழுத்திடும் தரவின் ஹாஷை (தரவிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீட்டை), அந்தத் திரையோடு தொடர்பில்லாத வேறு கருவியில் கணக்கிட்டு ஒப்பிடாமல் யாரும் கையெழுத்திடக் கூடாது.

ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையின் திட்டம் ஏன் தோற்றது?

1994 முதல் ஓடும் செஸ் என்ற செட்டில்மென்ட் அமைப்பைப் பகிர்ந்த பேரேட்டுக்கு மாற்றுவதாக அந்தச் சந்தையை நடத்தும் ஏஎஸ்எக்ஸ் 2017 டிசம்பரில் அறிவித்தது. தொடக்க நாள் மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், 2022 நவம்பரில் கைவிடப்பட்டது, 24.5 முதல் 25.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு நாட்டின் முழுப் பங்குச் சந்தையையும் ஒரே நாளில் மாற்ற முயன்றதும், வேலை நடக்கும்போதே தேவைகளைக் கூட்டிக்கொண்டே போனதும் சுமையை ஏற்றின. தொழில்நுட்ப வேரும் இருந்தது: ஒரே கணக்கின் இருப்பை ஒரே நேரத்தில் பல செய்திகள் தொடும்போது, பகிர்ந்த பேரேடு அவற்றை வரிசைப்படுத்த நேரம் எடுக்கும். சாதாரணத் தரவுத்தளம் எளிதாகச் சமாளிக்கும் இடம் அது. மாற்று அமைப்பு இப்போது வழக்கமான மென்பொருளில் வருகிறது.

வங்கி இப்படிப்பட்ட பத்திரத்தை வைத்திருந்தால் மூலதனத் தேவை கூடுமா?

சர்வதேச வங்கி விதிகளை வகுக்கும் பேசல் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட தரநிலைப்படி, வழக்கமான பத்திரத்துக்கு நிகரான சட்ட உரிமையும் பிற நிபந்தனைகளும் நிறைவேறினால் சாதாரணப் பத்திரத்தின் அபாய எடையே (மூலதனம் கணக்கிடச் சொத்தின் மதிப்பைப் பெருக்கும் சதவீதம்) போதும். நிறைவேறாவிட்டால் எடை 1,250 சதவீதம் வரை போகும். 8 சதவீத மூலதன விகிதத்தில் அது முழு மதிப்புக்கும் சமம். நூறு ரூபாய்க்கு நூறு ரூபாய்.

முதலீட்டாளரின் பெயர், அடையாள எண்ணைச் சங்கிலியில் பதியலாமா?

வேண்டாம். அழிக்க முடியாத பேரேட்டில் அழிக்கும் உரிமை உள்ள தகவலை எழுதினால், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு நிரந்தர மோதல். பெயர் பதிவாளரின் தரவுத்தளத்தில் இருக்கட்டும். சங்கிலியில் வாலட் முகவரியும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற சான்றும் போதும். அடையாள எண்ணை வெறுமனே ஹாஷ் செய்து போடுவதும் பாதுகாப்பில்லை. பத்து, பன்னிரண்டு இலக்க எண்களை எல்லாம் கணினி வரிசையாக முயன்று கண்டுபிடித்துவிடும்.

தளம் நடத்தும் நிறுவனம் மூடப்பட்டால் என் பத்திரம் என்ன ஆகும்?

சங்கிலி தொடர்ந்து ஓடலாம். ஆனால் அனுமதிப் பட்டியலைப் புதுப்பிக்க, வட்டியைச் செலுத்த, முடக்க, மீட்க ஆள் இருக்க மாட்டார். வாங்கும் முன் கேட்க வேண்டியவை: வாடிக்கையாளர் சொத்து நிறுவனத்தின் சொத்திலிருந்து சட்டப்படி பிரிக்கப்பட்டிருக்கிறதா? நிர்வாகச் சாவிகளை ஏற்க மாற்றுப் பதிவாளர் ஒப்பந்தம் போட்டிருக்கிறாரா? பெயரோடு கூடிய உரிமையாளர் பட்டியல், தளத்துக்கு வெளியே தினமும் பிரதி எடுக்கப்படுகிறதா? அந்தப் பிரதியைக் கொண்டு முழுப் பதிவேட்டையும் மீண்டும் கட்டி, சங்கிலியில் உள்ள மொத்த எண்ணிக்கையோடு ஒத்துப் பார்க்கும் ஒத்திகை கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது? கடைசிக் கேள்விக்கு ஒரு தேதியும் கையெழுத்திட்ட அறிக்கையும் பதிலாக வர வேண்டும். வராவிட்டால், மாற்றுப் பதிவாளர் ஒப்பந்தம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள்.